பஞ்சை எரித்துப் பீங்கானை மீதம் வைப்பது: நுரைப் பீங்கான் வடிகட்டி செய்த அனுபவம்

அலுமினியம் உருக்கி மணல் அச்சில் ஊற்றும்போதெல்லாம் எனக்கு ஒரே தொல்லை இருந்தது. வார்த்த உருப்படியை லேத்தில் ஏற்றிச் சீவிக்கொண்டே போனால் நடுவில் எங்காவது ஒரு கடினமான புள்ளி வரும், டூலின் முனை போய்விடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் சாம்பல் நிற ஆக்சைடு தோல். உருகிய அலுமினியம் காற்றைத் தொட்ட நொடியிலேயே அந்தத் தோல் உருவாகிவிடுகிறது. மேலே மிதப்பதைக் கரண்டியால் வழித்து எடுக்கலாம், ஊற்றும்போது மடிந்து உள்ளே போவதை அப்படி எடுக்க முடியாது. வார்ப்பாலைகளில் இதற்கு, உலோகம் ஓடும் வழியில், பஞ்சுபோலத் துளை நிறைந்த நுரைப் பீங்கான் வடிகட்டி வைப்பார்கள். அதை நானே செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். நல்லதாக ஒன்று கைக்கு வர ஐந்து சுற்று ஆனது.

முறை புதிதல்ல. கார்ல் ஷ்வார்ட்ஸ்வால்டர், ஆர்தர் சோமர்ஸ் இருவரும் 1963இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அதே முறைதான் இன்றும் பெரும்பாலான ஆலைகளில் ஓடுகிறது. பாலியூரித்தேன் பஞ்சைப் பீங்கான் குழம்பில் முக்க வேண்டும், பிழிந்து அதிகப்படியை எடுக்க வேண்டும், காயவைத்துச் சூளையில் ஏற்ற வேண்டும். பஞ்சு எரிந்து போகும், அதன் வடிவத்தில் பீங்கான் நிற்கும். கேட்க இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் முதல் சுற்றில் நான் எதையும் அளக்காமலே தொடங்கினேன்.

முதலில் எடுத்தது பாத்திரம் தேய்க்கும் சாதாரணப் பஞ்சு. அது தவறான பொருள் என்பது முக்கி எடுத்த அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. பஞ்சின் ஒவ்வொரு அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. குழம்பு அந்தச் சவ்வில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது சவ்வு நீக்கப்பட்ட பஞ்சு. வெறும் இழைகள் மட்டும் கூடுகூடாக நிற்கும் வகை அது. மீன்தொட்டி வடிகட்டிக்கு வரும் முரட்டுப் பஞ்சு பெரும்பாலும் இந்த வகைதான். வாயை வைத்து ஊதினால் கொஞ்சமும் தடையில்லாமல் மூச்சு மறுபக்கம் வர வேண்டும், அதுதான் என் சோதனை. துளை அளவைப் பி.பி.ஐ. என்ற எண்ணில் சொல்வார்கள், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளை என்ற கணக்கு. நான் எடுத்தது 10 பி.பி.ஐ.; ஓர் அறை சுமார் இரண்டரை மில்லிமீட்டர், அறைகளுக்கு நடுவிலுள்ள ஜன்னல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

மிச்சமிருக்கும் சவ்வையும் போக்க 10% காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன். (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் ஒரு துளி பட்டால் கண் போய்விடும்.) இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இழையின் வழவழப்பு போய்ச் சொரசொரப்பு வருகிறது, குழம்பு நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் அலசுவதில் அவசரம் கூடாது. சோடியம் மிச்சமிருந்தால் குழம்பின் குணத்தையே மாற்றிவிடும், சூளையில் ஃப்ளக்ஸாகவும், அதாவது கலவையைக் குறைந்த சூட்டிலேயே உருகவைக்கும் பொருளாகவும், வேலை செய்யும். லிட்மஸ் தாளில் நிறம் மாறாமல் போகும்வரை தண்ணீர் மாற்றினேன், ஏழு தடவை ஆனது.

அடுத்து குழம்பு. என் சூளையின் எல்லை 1300 டிகிரி. தூய அலுமினாவை இறுகவைக்க 1550க்கு மேல் வேண்டும், அதனால் அது எனக்கு எட்டாது. ஆலைகளில் அலுமினிய வடிகட்டிக்குப் பாஸ்பேட் பிணைப்பு பயன்படுத்துவதுண்டு, குறைந்த சூட்டிலேயே இறுகும். அதைத் தவிர்க்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. மெக்னீசியம் கலந்த அலுமினியம் ஊற்றினால் உலோகம் பாஸ்பேட்டைத் தாக்கிப் பாஸ்பைடு உண்டாக்கலாம். பயன்படுத்திய வடிகட்டியில் ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும், அது கொடிய நஞ்சு. குப்பையில் போட்ட வடிகட்டி மழையில் நனைவதை நினைத்தபோதே அந்த யோசனையை விட்டேன்.

கடைசியில் நின்ற கலவை, உலர் எடையில்: 45 மைக்ரானுக்குக் கீழான சுட்ட அலுமினாத் தூள் 60, சீனக்களி 25, ஃபெல்ட்ஸ்பார் 8, டால்க் 5, பெண்டோனைட் 2. ஃபெல்ட்ஸ்பாரும் டால்க்கும் 1200க்கு மேல் உருகி அலுமினா மணிகளை ஒட்டவைக்கும். சீனக்களி சூட்டில் முல்லைட் என்ற சூடு தாங்கும் படிகமாக மாறும். களியில் உள்ள சிலிக்காவை அலுமினியம் தாக்கும் என்பது உண்மைதான். சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி அலுமினியம் அலுமினாவாகும், சிலிக்கான் வெளியே வரும். ஆனால் ஒரு வார்ப்புக்குச் சில நொடிகள்தான் தொடர்பு. மணிக்கணக்கில் உலோகம் ஓடும் வாய்க்காலுக்கு இந்தக் கலவையை நான் வைக்க மாட்டேன்.

தூள் அளக்கும்போது முகமூடி போடாமல் இருக்காதீர்கள். களியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போனால் திரும்பி வராது. நான் தூளைத் தண்ணீரில்தான் கொட்டுவேன், தூள்மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. சிந்தியதை ஈரத்துணியால் துடைப்பேன், பெருக்குவதில்லை.

இனி இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். சூளைதான் கடினமான பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுற்று வீணான பிறகுதான், நுரை நிற்குமா விழுமா என்பது குழம்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று புரிந்தது.

இரண்டாம் சுற்றில் 100 கிராம் தூளுக்கு 60 கிராம் தண்ணீர் விட்டேன். பார்க்க அழகாக ஓடியது, பஞ்சில் சீக்கிரம் ஏறியது. காயவைத்த அரைமணி நேரத்தில் மேல்பாதி வெறும் பஞ்சாகவும் கீழ்ப்பாதி அடைத்த கட்டியாகவும் ஆகிவிட்டது. இருந்தாலும் சூளையில் வைத்தேன். திறந்தபோது மேல்பாதி இருந்த இடத்தில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். காரணம் எளிது. பஞ்சு 400 டிகிரிக்குள் பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. கலவை இறுகத் தொடங்குவது 1000க்கு மேல்தான். நடுவிலுள்ள அந்த 600 டிகிரி தூரத்தைக் கடக்க, இழையைச் சுற்றியுள்ள பூச்சு தன் தூள் நெருக்கத்திலும் களியின் பிடிப்பிலும் மட்டுமே தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பூச்சு மெல்லியதாக இருந்தால் தாங்காது.

தண்ணீரைக் குறைத்தால் கெட்டியாகிறது, பஞ்சுக்குள் ஏறுவதில்லை. ஏறிவிட்டால் ஜன்னல்களை அடைக்கிறது. வேண்டியது இரண்டு குணமுள்ள குழம்பு: அமுக்கும்போதும் கலக்கும்போதும் தண்ணீராக ஓட வேண்டும், கையை எடுத்த கணமே அசையாமல் நிற்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் தூரிகையில் ஓடிச் சுவரில் வழியாமல் நிற்கிறதே, அந்தக் குணம். அதைக் கொடுப்பது பெண்டோனைட். வெந்நீரில் முந்தின இரவே ஊறவைத்தால்தான் அது முழுதாக உப்புகிறது. நேராகத் தூளாகப் போட்டால் பாதி வீண். தண்ணீரைக் குறைத்தும் ஓடவைக்க அம்மோனியம் பாலிஅக்ரிலேட் என்ற டிஸ்பர்சன்ட் (தூள் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவைக்கும் பொருள்) 0.5% சேர்த்தேன். காய்ந்த பூச்சு கையாளும்போது உதிராமல் இருக்க, 85 டிகிரி தண்ணீரில் கரைத்த பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை) 2%. பி.வி.ஏ. போட்டுக் கலக்கினால் குமிழி வரும், குமிழி இழையில் ஓட்டையாகும். ஒரு சொட்டு ஆக்டனால் விட்டால் அடங்கிவிடும்.

கடைசியில் 100 கிராம் தூளுக்கு 38 கிராம் தண்ணீர். அலுமினா உருண்டைகள் போட்ட ஜாடியில் ஆறு மணி நேரம் சுழலவிட்டு, ஒரு நாள் மூடிவைத்து, மறுநாள் மெதுவாகக் கலக்கிப் பயன்படுத்தினேன். குழம்பின் கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்காமீட்டர் என்னிடம் இல்லை. இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, 100 மில்லி குழம்பின் எடை 205 கிராமுக்கு இரண்டு கிராம் முன்பின் இருக்க வேண்டும். இன்னொன்று, கண்ணாடித் துண்டில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி நேராக நிறுத்தி அரை நிமிடம் பார்ப்பேன். ஓரம் கீழே இறங்கக் கூடாது. பிறகு விரலால் தேய்த்தால் உடனே இளகி ஓட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத குழம்பைப் பஞ்சின் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிழிவதற்கு முதலில் கையைத்தான் பயன்படுத்தினேன். விரல் பட்ட இடம் ஒல்லியாகவும் ஓரம் தடிப்பாகவும் வந்தது. அப்புறம் இரண்டு பி.வி.சி. குழாய்களை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி ரோலர் செய்தேன், இடைவெளியைப் போல்ட்டால் மாற்றலாம். 20 மில்லிமீட்டர் கனப் பஞ்சுக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் திருப்பிப்போட்டு நான்கு முறை விட்டேன். பஞ்சைக் குழம்புக்குள் அமுக்கிப் பிழியும்போது உள்ளேயிருந்து காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை அமுக்க வேண்டும். ரோலரிலிருந்து வந்ததும் விளக்கை நோக்கித் தூக்கிப் பார்ப்பேன். அடைபட்ட ஜன்னல் கறுப்பாகத் தெரியும், அங்கே மெதுவாகக் காற்றூதித் திறந்துவிடுவேன்.

எடை பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. 50 × 50 × 20 மில்லிமீட்டர் பஞ்சின் எடை வெறும் 1.4 கிராம். பூசிக் காய்ந்த பிறகு 25 கிராம் வர வேண்டும் என்று குறி வைத்தேன். 20க்குக் கீழே இருந்தால் சூளையில் விழுந்தது, 32க்கு மேலே போனால் நடுவில் அடைப்பு இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு எடை எழுதிவைத்தேன். பின்னால் எது ஏன் உடைந்தது என்று பார்க்க அந்த நோட்டுப்புத்தகம்தான் கை கொடுத்தது.

நிழலில் ஒரு நாள், பிறகு 100 டிகிரியில் நான்கு மணி நேரம் காயவைத்தேன். விசிறிக்கு நேராக வைத்த துண்டுகளில் ஒரு பக்கம் வெடிப்பு வந்தது.

சூளை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை முதலில். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல, ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் வரும். சூளை திறந்த வெளியில் இருக்க வேண்டும், அல்லது புகை முழுவதும் வெளியே இழுக்கப்பட வேண்டும். 500 டிகிரி தாண்டும்வரை நான் பக்கத்தில் நிற்பதில்லை.

மூன்றாம் சுற்றில் குழம்பு சரியாக இருந்தும், வழக்கமான மண்பாண்ட வேகத்தில் சூடேற்றியதால் இழைகள் நெடுகிலும் கீறலோடு வந்தன. பஞ்சு பீங்கானைவிடப் பல மடங்கு அதிகமாக விரிகிறது, அதோடு வாயுவும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. பூச்சு உள்ளேயிருந்து பிளக்கப்படுகிறது. நான்காம் சுற்றிலிருந்து 150 முதல் 500 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான். 300இலும் 500இலும் ஒவ்வொரு மணி நேரம் நிறுத்தம். இது மட்டும் ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு மூன்று டிகிரி வேகத்தில் 1280, அங்கே இரண்டு மணி நேரம். சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் அந்தச் சூட்டில் நாளடைவில் தப்புக் காட்டத் தொடங்கும், எஸ் வகைக்கு மாறினேன். தட்டின்மேல் அலுமினாத் தூளைத் தூவி அதன்மேல் துண்டை வைக்க வேண்டும். சுருங்கும்போது துண்டு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், ஒட்டிக்கொண்டால் மூலை பிளக்கும். நான்காம் சுற்றில் சுருக்கம் 7% இருந்தது, கடைசி எடை 22 கிராம். கணக்குப் போட்டால் சுமார் 84% வெறும் காலியிடம்.

அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோது உண்டான மகிழ்ச்சி பெரியது. எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறது, தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. ஆனால் மேலே எடை ஏற்றிப் பார்த்தபோது 22 கிலோவில் நொறுங்கியது. பரப்பளவால் வகுத்தால் 0.1 மெகாபாஸ்கல். உருகிய உலோகம் வந்து மோதுவதற்கு இது போதாது, ஓரம் உதிர்ந்து வார்ப்புக்குள்ளேயே போய்விடும்.

உடைந்த துண்டை லென்ஸில் பார்த்தேன். இழைகள் உள்ளே பொள்ளல், பஞ்சு இருந்த இடம் அப்படியே முக்கோணக் குழலாக இருந்தது. பஞ்சின் இழைக்கு மூன்று கூரான விளிம்புகள் உண்டு. ஈரக்குழம்பு பரப்பு இழுவிசையால் விளிம்பைவிட்டுக் குழிந்த பக்கத்துக்கு ஒதுங்குகிறது. பூச்சு எங்கே தடிப்பாக வேண்டுமோ அங்கேதான் மெல்லியதாக இருக்கிறது. கீறல் எல்லாம் அந்த விளிம்புகளில்தான்.

இதற்கு இரண்டாம் பூச்சுதான் வழி. ஐந்தாம் சுற்றில் முதலில் 1100 வரை மட்டும் சுட்டேன், கையாளும் அளவுக்குப் பலம் வரும், நீரை உறிஞ்சும் தன்மையும் இருக்கும். அதே கலவையில் தண்ணீரை 70 ஆக்கி, 100 மில்லிக்கு 171 கிராம் இருக்கும் மெல்லிய குழம்பு தயார் செய்தேன். உலர்ந்த துண்டை நேராக முக்கினேன், முதல் துண்டு கெட்டது. சுட்ட பீங்கான் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடுகிறது, குழம்பு அங்கேயே கெட்டியாகி ஜன்னலை அடைக்கிறது. துண்டை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு முக்க வேண்டும். துண்டு குழம்பில் மூழ்கியிருந்த பாத்திரத்தை அப்படியே வெற்றிட ஜாடிக்குள் வைத்துக் காற்றை இழுத்தேன். இழையின் கீறல்கள் வழியாக உள்குழல்களிலிருந்து குமிழிகள் வருவது கண்ணுக்குத் தெரிந்தது. காற்றைத் திரும்ப விட்டதும் அதே வழியாகக் குழம்பு உள்ளே போகிறது. வெளியே எடுத்துக் குறைந்த அழுத்தக் காற்றால் ஜன்னல்களைத் திறந்து, காயவைத்து, மறுபடி 1280.

எடை 34 கிராம் ஆனது. இப்படிப்பட்ட நுரைகளின் நொறுங்கும் பலம், சார்பு அடர்த்தியின் (நுரையின் அடர்த்தியைத் திடப்பொருளின் அடர்த்தியால் வகுத்தது) ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது நுரைப் பொருட்களை ஆராய்ந்த கிப்சன், ஆஷ்பி இருவரின் மாதிரி. அந்தக் கணக்கில் பலம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏற வேண்டும். எனக்குக் கிடைத்தது 90 கிலோ, அதாவது நான்கு மடங்கு. மூன்று துண்டுகளில் பார்த்தேன், 83க்கும் 94க்கும் இடையில்தான் நின்றன. பொருள் கூடியதால் மட்டும் வந்த பலம் அல்ல இது, கீறல்கள் அடைபட்டதால் வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். லென்ஸில் பார்த்தபோது முக்கோணக் குழல்களில் பாதிக்குமேல் நிரம்பியிருந்தன.

நடுவில், பஞ்சே இல்லாமல் குழம்பில் நுரைப்பானைச் சேர்த்து அடித்து நுரையாக்கியும் பார்த்தேன். அதில் இழைகள் பொள்ளலாக இருப்பதில்லை, பலமும் அதிகம். ஆனால் அறைகளுக்கு நடுவிலுள்ள ஜன்னல் மிகச் சிறியது. சூடு தடுக்கும் செங்கல்லுக்கு அது பொருந்தும், உலோகம் ஓடிப் போவதற்குப் பொருந்தாது.

கடைசியாக ஊற்றிப் பார்த்த கதை. சிலிக்கான் கலந்த வார்ப்பு அலுமினியம், 730 டிகிரி. வடிகட்டியை முன்கூட்டியே அழுத்தக் காற்றால் ஊதி உதிரி மணிகளைப் போக்கி, கேஸ் டார்ச்சால் நன்றாகச் சூடாக்கி வைத்தேன். ஈரம் இருந்தால் உலோகம் வெடித்துத் தெறிக்கும், அதனால் சூடாக்காமல் ஊற்றவே கூடாது. முதல் ஊற்றில் உலோகம் வடிகட்டியின்மேல் குளமாக நின்று அங்கேயே உறைந்தது. கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உருகிய அலுமினியம் அலுமினாவை நனைப்பதில்லை, ஒரு மில்லிமீட்டர் ஜன்னலுக்குள் அதைத் தள்ள ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர உலோக அழுத்தம் வேண்டும். நான் வைத்திருந்த ஊற்றுக்கிண்ணத்தின் உயரம் வெறும் 4. கிண்ணத்தை 14 ஆக உயர்த்திக் கட்டினேன். அடுத்த ஊற்றில் ஒரு நொடி தயங்கிவிட்டு உலோகம் இறங்கியது, அச்சு சத்தமில்லாமல் நிரம்பியது.

ஆறியபின் வடிகட்டியோடு சேர்த்து அறுத்து மெருகேற்றினேன். உள்ளே வரும் பக்கத்தில் சாம்பல் நிறத் தோல்கள் படலம் படலமாகச் சிக்கியிருந்தன. துளையைவிட மிகச் சிறிய துகள்களும் நடு அறைகளின் இழைகளில் ஒட்டிக்கிடந்தன. வளைந்து வளைந்து ஓடும்போது சுவரைத் தொட்டுத் தங்கிவிடுகின்றன. வெளியேறும் பக்கம் சுத்தம். ஓட்டமும் அமைதியாகிவிடுவதால் அச்சுக்குள் புதிய தோல் மடிவதும் குறைகிறது. அந்த வார்ப்பை லேத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீவினேன், டூல் எங்கும் தடுக்கவில்லை.

இப்போது 20 பி.பி.ஐ. பஞ்சில் ஆறு துண்டுகள் நிழலில் காய்கின்றன. ஜன்னல் சிறியது என்பதால் குழம்பில் தண்ணீரை 41 ஆக்கியிருக்கிறேன், கண்ணாடித் துண்டில் அரை நிமிடம் நின்றது. ஊற்றுக்கிண்ணத்தை இன்னும் உயர்த்த வேண்டும். ஜன்னல் பாதியானால் உயரம் இரண்டு மடங்கு வேண்டும் என்பதால் 25 சென்டிமீட்டருக்குப் புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.